பழைய தாளில் ஐம்பத்தெட்டு

பாட்டில் கம்பெனியில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'சதவீதம் சார்'. பாவம் அவர் என்று சொல்ல மாட்டேன், அந்தப் பெயரை அவரே தேடிச் சம்பாதித்துக்கொண்டார். கேன்டீன் டீ ஆறியிருந்தால் "சூடு நாப்பது சதவீதம் கம்மி" என்பார். யாராவது லீவு போட்டுவிட்டு வந்தால் "இந்த மாசம் உன் வருகை எண்பத்தெட்டு சதவீதம்ப்பா" என்பார். உலைக்காரர் என்று ஒரு மனிதர், கண்ணாடி உருக்கும் பெரிய உலையைப் பார்த்துக்கொள்பவர், இவருக்கு முப்பது வருஷச் சிநேகிதர். அவர் ஒருநாள் கேட்டார்: "ஏன் சார், வீட்டுல அம்மா உங்களைத் திட்டுறதுக்கும் கணக்கு வச்சிருக்கீங்களா?"

"வச்சிருக்கேன். போன வருஷத்தை விட பன்னெண்டு சதவீதம் கூடியிருக்கு" என்றார் இவர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். கேன்டீனே விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் வேலையே அதுதான். தினமும் சாயங்காலம் உடையாத நல்ல பாட்டில்கள் எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டு வரும். அதைப் பார்த்து வரைபடத் தாளில் ஒரு புள்ளி வைப்பார். நேற்றைய புள்ளியோடு பென்சிலால் ஒரு கோடு. மாதம் முடிந்ததும் முதல் புள்ளி என்ன, கடைசிப் புள்ளி என்ன என்று கட்டத்தை எண்ணிப் படித்து, வித்தியாசத்தைப் பழைய எண்ணால் வகுத்து, நூறால் பெருக்கி, மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதுவார். இரண்டு சதவீதம் ஏற்றம், மூன்று சதவீதம் இறக்கம், இப்படி. பழைய எண்ணால்தான் வகுக்க வேண்டும், புது எண்ணால் அல்ல. புது எண்ணால் வகுத்த ஒரு குமாஸ்தாவை அவர் ஒரு வாரம் பேசாமல் பார்த்தே கொன்றிருக்கிறார்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. கதையே அதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் புதுத் தாள். போன மாதக் கடைசிப் புள்ளிதான் இந்த மாத முதல் புள்ளி. பழைய தாள் கோப்புக்குள் போய்விடும், பிறகு அதை யாரும் தொட மாட்டார்கள். பழைய மேனேஜர் வைத்த வழக்கம் அது. "முடிஞ்ச கதை எனக்கெதுக்கு? இந்த மாசம் எப்படி, அதைச் சொல்லுங்க" என்பார் அந்த மனிதர். இருபத்திரண்டு வருஷம் அப்படியே செய்து செய்து சதவீதம் சாருக்கு அது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. மூச்சு விடுவதை யார் யோசித்துச் செய்கிறார்கள்?

அவர் மனைவி தையல்காரி. புதிதாகத் தைப்பதைவிட, தைத்ததைச் சரிசெய்வதில்தான் அவளுக்குப் பெயர். பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பாள். வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக மிஷின், கழுத்தில் எப்போதும் மாலை மாதிரி அளவு டேப். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைப் பற்றி ஊரார் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசி ஓய்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள்.

மே மாதக் கடைசியில் அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி என்று தெரிந்தது. அறுக்க முடியாத இடம். மாத்திரைதான் என்றார் டாக்டர். டாக்டர் அதிகம் பேசாதவர், ஆனால் பேசியதைத் தெளிவாகப் பேசினார்.

"இந்த மாத்திரை கேட்டா எடை நிக்கும். கேக்கலைன்னா எடை குறைஞ்சுக்கிட்டே போகும். அப்போ உடனே வேற மருந்துக்கு மாத்தணும். அது கொஞ்சம் கடுமையான மருந்து, அதைத் தாங்க உடம்புல தெம்பு வேணும். அதனால நாள் கடத்தக் கூடாது. இன்னைக்கு எடை ஐம்பத்தெட்டு. இதுல பத்து சதவீதம் குறைஞ்சா, நான் குடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காம கூட்டிட்டு வந்துடுங்க. அப்படி இல்லைன்னா அக்டோபர் கடைசில பாக்கலாம்."

பத்து சதவீதம் என்று டாக்டர் சொன்னதும் சதவீதம் சாருக்கு உள்ளே ஒரு தெம்பு வந்தது. அதுவரை கட்டி, அணு, ரத்தம் என்று அவருக்குப் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி, கடைசியாக அவர் பாஷையில் ஒரு வார்த்தை பேசியது. "அதை நான் பாத்துக்கறேன் டாக்டர். அது என் தொழில்" என்றார். வெளியே வந்ததும் மனைவி, "ஆஸ்பத்திரியிலயும் உங்க பெருமையா?" என்று முழங்கையால் இடித்தாள்.

மறுநாளே எடை மிஷின் வாங்கி வந்தார். அலமாரிக் கதவில் ஒரு வரைபடத் தாளை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை, வெறும் வயிற்றில், எப்போதும் ஒரே பச்சைப் பூப்போட்ட சட்டையோடு அவள் மிஷினில் ஏற வேண்டும் என்று ஏற்பாடு. துணி மாறினால் எடை மாறும் என்பது அவர் கட்சி. "அப்போ சிரிச்சா எடை கூடுமா?" என்றாள். "அசையாம நில்லு, முள் ஆடுது" என்றார்.

தாளில் எடைக்கோட்டை அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். ஒரு சின்னக் கட்டத்துக்கு ஒரு கிலோ, பூஜ்யத்திலிருந்து நூறு வரைக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கோடு ஐம்பதில் தொடங்கினால் ஒரு கிலோ இறக்கம்கூடப் பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டு கிலோ இறங்கினாலும் கோடு படுத்துக் கிடக்கும். பழைய மேனேஜருக்கு மேலிடத்தில் காட்ட வேண்டியபோதெல்லாம் இவர் செய்துகொடுத்த வித்தைதான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது, புள்ளிகள் எல்லாம் அதனதன் இடத்தில் சரியாகத்தான் இருக்கும். அவள் பார்த்துப் பயந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர் நினைத்தது. நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது?

ஜூன் முடிந்தது. ஐம்பத்தெட்டில் தொடங்கிய கோடு ஐம்பத்தாறில் நின்றது. இரண்டை ஐம்பத்தெட்டால் வகுத்தார்: மூன்று புள்ளி நான்கு சதவீதம். சிவப்பு மையில் எழுதினார். "பத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கு பாத்தியா?" என்றார். பிறகு, கை தன் பாட்டுக்குச் செய்ததுபோல், அந்தத் தாளை எடுத்து மேஜை டிராயரில் ஒரு கவருக்குள் வைத்துவிட்டு ஜூலைக்குப் புதுத் தாள் ஒட்டினார். முதல் புள்ளி ஐம்பத்தாறு.

ஜூலைக் கடைசியில் ஐம்பத்து நான்கு. ஐம்பத்தாறில் இரண்டு போனால் மூன்று புள்ளி ஆறு. ஆகஸ்ட் கடைசியில் ஐம்பத்திரண்டு. ஐம்பத்து நான்கில் இரண்டு, மூன்று புள்ளி ஏழு. ஒவ்வொரு மாதமும் பத்து எங்கோ தூரத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு மாதமும் அவர் ஒரு சிரிப்புச் சிரித்து, அவள் தோளைத் தட்டி, "நாலைக்கூடத் தொடல" என்பார். அவளும் சிரிப்பாள். தினமும் பார்க்கிற முகம் எப்படி மாறுகிறது என்று தினமும் பார்க்கிறவனுக்கு எங்கே தெரிகிறது!

தெரிந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துத் துணி கொடுக்க வந்த ஒரு வாடிக்கைக்கார அம்மாள், வாசலிலேயே நின்று, "ஐயோ, என்னங்க இது, பாதி ஆளா ஆயிட்டீங்களே!" என்று வாயில் கை வைத்துவிட்டாள். சதவீதம் சாருக்கு வந்ததே கோபம்! அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டு அலமாரிக் கதவின் முன்னால் நிறுத்தினார். "பாதின்னா ஐம்பது சதவீதம். இங்க பாருங்க, மூணு புள்ளி ஏழு. வாய்க்கு வந்ததைச் சொல்லி மனுஷியைப் பயமுறுத்தாதீங்க." அந்த அம்மாள் கோட்டைப் பார்த்தாள். படுத்துக் கிடந்த கோடு. "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று போய்விட்டாள். தையல்காரி மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனியிலும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது, ஆனால் அதை யாரும் கூத்து என்று நினைக்கவில்லை. உலைக்காரர் அவ்வப்போது மேஜைக்கு வந்து, "சார், உலை முன்ன மாதிரி இல்ல. முகத்துல அடிக்கிற அனலே குறைஞ்சிருக்கு" என்பார். இவர் அந்த மாதத் தாளைத் தூக்கிக் காட்டுவார். "மூணு சதவீதம் இறக்கம். மூணுக்கெல்லாம் மூக்கால அழாதீங்க." உலைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போவார்.

அக்டோபர் முதல் வாரத்தில் புது மேனேஜர் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், அதட்டல் கிடையாது, ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்பாள். வந்த மூன்றாம் நாள் சதவீதம் சாரைக் கூப்பிட்டாள்.

"சார், ஜனவரியிலிருந்து எல்லாத் தாளையும் கொண்டு வாங்க."

"எல்லாத்தையுமா மேடம்? மாசக் கடைசி அறிக்கையிலயே சதவீதம் இருக்கே."

"இருக்கட்டும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கொண்டு வாங்க. ஒரே கோடா பாக்கணும்."

முடிந்த கதையைக் கேட்கிறாளே என்று முனகிக்கொண்டே கோப்பிலிருந்து ஒன்பது தாள்களை எடுத்தார். பெரிய மேஜையில் வரிசையாக வைத்து, ஓரங்களை வெட்டி, டேப் போட்டு ஒட்டினார். ஒட்டும்போது அவர் ஓரத்தைத்தான் பார்த்தார், கோட்டைப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தார். ஒன்பது மாதக் கோடு மேஜையின் இந்த மூலையில் உயரத்தில் தொடங்கி அந்த மூலையில் போய் விழுந்து கிடந்தது.

மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றாள். "முதல் புள்ளி படிங்க."

"நாப்பதாயிரம்."

"கடைசிப் புள்ளி?"

"முப்பதாயிரத்து நானூறு."

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"ஒன்பதாயிரத்து அறுநூறு. நாப்பதாயிரத்துல..." அவர் குரல் இறங்கியது. "இருபத்து நாலு சதவீதம்."

"கால்வாசி உற்பத்தி போயிருக்கு. உலை செத்துக்கிட்டிருக்கு. ஏன் சார் யாரும் சொல்லல?"

"மாசா மாசம் மூணு சதவீதம்தான் மேடம் குறைஞ்சுது."

"எதுல மூணு?"

அவள் அதட்டவில்லை. சும்மாதான் கேட்டாள். ஆனால் சதவீதம் சார் அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே திருப்பிக் கேட்டுக்கொண்டார். எதில் மூன்று? போன மாதத்தில் மூன்று. அந்தப் போன மாதம் ஏற்கெனவே குறைந்த மாதம். அதற்கு முந்தியது அதற்கு முன்பே குறைந்த மாதம். மேஜையில் கிடந்த அந்த நீளக் கோட்டில் அவருக்குப் பாட்டில் ஒன்றும் தெரியவில்லை. அலமாரிக் கதவுதான் தெரிந்தது.

"மேடம், நான் வீட்டுக்குப் போகணும்."

"உடம்பு சரியில்லையா சார்?"

"எனக்கில்ல மேடம்" என்றார். பையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார். மனசுக்குள் கணக்கு ஓடியது. செப்டம்பர் கடைசியில் எடை ஐம்பது. அந்த மாதத்துக்கு மூன்று புள்ளி எட்டு என்று நான்கு நாள் முன்னால்தான் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நான்கையும் கூட்டினார்: மூன்று புள்ளி நான்கு, மூன்று புள்ளி ஆறு, மூன்று புள்ளி ஏழு, மூன்று புள்ளி எட்டு. பதினாலரை. உடனே அவருக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான்: சதவீதத்தை அப்படிக் கூட்டக் கூடாது, ஒவ்வொன்றும் வேறு வேறு எண்ணில் எடுத்தது. ஐம்பத்தெட்டிலிருந்து ஐம்பது, எட்டு குறைவு, எட்டை ஐம்பத்தெட்டால் வகுத்தால் பதின்மூன்று புள்ளி எட்டு. பதினாலரை இல்லை, பதின்மூன்று புள்ளி எட்டு. அந்த முக்கால் சதவீத வித்தியாசத்தில் அந்த மனிதர் ஓர் ஆறுதல் தேடினார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டிராயரை இழுத்து, கவரிலிருந்து தாள்களை எடுத்து, அலமாரிக் கதவில் இருந்ததையும் உரித்து, கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினார். அளவு எல்லாத் தாளிலும் ஒன்றுதான், பூஜ்யத்திலிருந்து நூறு. கோட்டோடு கோடு பொருந்தியது. படுத்துக் கிடந்த நான்கு கோடுகளும் சேர்ந்து ஒரே சரிவாக இறங்கின. ஜூன் தாளின் மேல் ஓரத்தில் அவரே எழுதியிருந்தார்: 'தொடக்கம் 58.' அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

அவள் மிஷினிலிருந்து எழுந்து வந்தாள். "என்னங்க, பகல்லயே வந்துட்டீங்க? கட்டில் பூரா என்ன கடை பரப்பியிருக்கீங்க?"

அவர் அவளைப் பார்த்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்தெலும்பு இரண்டும் தூக்கிக்கொண்டிருந்தன. அளவு டேப் கழுத்தில் இன்னொரு எலும்பு மாதிரி தொங்கியது.

"பத்தைத் தாண்டிடுச்சும்மா. எப்பவோ தாண்டிடுச்சு. ஆகஸ்ட் கடைசிலயே தாண்டிடுச்சு" என்றார். "ஆறு குறைஞ்சிருக்கு, ஐம்பத்தெட்டுல ஆறு, பத்து புள்ளி மூணு. நான் பாக்கல. நான் மாசா மாசம் புதுசா ஆரம்பிச்சேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அஞ்சு வாரம் போயிடுச்சு."

அவள் ஒன்றும் பதறவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு போட்டிருந்த அந்தப் பச்சைப் பூச்சட்டையின் பக்கவாட்டை உள்பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். தையல் வரிசையாக நான்கு இருந்தது. ஒன்றுக்கு உள்ளே ஒன்று, ஒரு விரல் இடைவெளியில்.

"ஒவ்வொரு மாசமும் பிடிச்சுத் தச்சிருக்கேன்" என்றாள். "ஊருக்கெல்லாம் பிடிச்சுத் தைக்கிறவளுக்குத் தன் உடம்பு இளைக்கிறது தெரியாதாங்க?"

"தெரியுமா? தெரிஞ்சுமா சொல்லாம இருந்தே?"

"முதல்ல சாப்பாடு பிடிக்காததால இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் பயம். அப்புறம்..." அவள் தாள்களைத் தடவினாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை புள்ளி வச்சுட்டு ஒரு சிரிப்பு சிரிப்பீங்களே, அதைக் கெடுக்க மனசு வரல. டாக்டர் சொன்ன கணக்கு உங்களுக்குத்தானே தெரியும், நீங்க சரின்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். இருபத்தேழு வருஷத்துல உங்க கணக்கு ஒரு தடவை தப்பினதில்லையே."

அடிப்பதற்கு இதைவிடக் கனமான ஒன்றை அவள் எடுத்திருக்க முடியாது, ஆனால் அவள் அடிக்க நினைத்துச் சொல்லவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது. "முதல்ல அதைக் கழட்டுங்க, வீடெல்லாம் மண்ணு" என்றாள் அவள், அவர் தலையைத் தடவிக்கொண்டே.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒட்டிய தாளை மேஜையில் விரித்துப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், இன்னும் இரண்டு சோதனை செய்தார். அவளை வெளியே உட்காரச் சொல்லலாமா என்று கண்ணால் கேட்டார். "என் உடம்பு, நானும் கேக்கறேன்" என்றாள் அவள்.

"மாத்திரை கேக்கல. கட்டி பெருசாயிருக்கு. ஆகஸ்ட் கடைசில வந்திருந்தா அந்த மருந்தை ஆரம்பிச்சிருப்பேன். இப்போ இந்த உடம்பு அதைத் தாங்காது. குடுத்தா மருந்தே ஆளைக் கொண்டு போயிடும்."

"எடை ஏறினா குடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் சதவீதம் சார். "எவ்வளவு ஏறணும்? சொல்லுங்க, எத்தனை சதவீதம்?"

"குறைஞ்சது ஐம்பத்து நாலு வரணும். இப்போ இருக்கிறதுல எட்டு சதவீதம் ஏறணும். ஏறும்னு நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன். ஆகஸ்ட்ல வந்திருந்தாலும் எவ்வளவு நாள்னு சொல்லியிருக்க முடியாது. உங்களை நீங்களே குத்திக்காதீங்க" என்றார். நல்ல மனிதர்தான் டாக்டர். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை சதவீதம் சார் காதில் விழவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். உலைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். உலையை அணைத்து உள்செங்கல் எல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமலே டீயைக் குடித்துவிட்டு, இவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். கதவில் இப்போது ஒட்டிய நீளத் தாள் இருந்தது. அலமாரியில் இடம் போதாமல் சுவரில் பாதி போயிருந்தது. இனி செத்தாலும் அடியை மாற்ற மாட்டேன், ஐம்பத்தெட்டிலிருந்துதான் எண்ணுவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எழுதினார்: பதினாலு புள்ளி ஏழு. பதினைந்து புள்ளி ஒன்று. பதினைந்து புள்ளி ஐந்து. யாரோ சத்தியம் வாங்கியதுபோல் எழுதினார், எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் மிஷினிலிருந்து இறங்கி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடை நாற்பத்தொன்பது. போன வாரமும் அதேதான்.

"இந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கிறது நான்தான்" என்றாள். "பெரிய சறுக்குமரம் மாதிரி இருக்கு. எடுத்துடுங்க. எனக்கொரு புதுத் தாள் போடுங்க."

"வேண்டாம்மா. புதுத் தாள் போட்டுத்தான் உன்னை இந்தக் கதிக்குக் கொண்டு வந்தேன்."

"அன்னைக்கு உங்களுக்குத் தெரியாம போட்டீங்க. இன்னைக்கு ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சே போடுங்களேன். கட்டமெல்லாம் பெருசா இருக்கட்டும்."

அவர் போட்டார். இந்தத் தடவை பூஜ்யத்தில் தொடங்கவில்லை, நாற்பத்தெட்டில் தொடங்கினார். ஒரு பெரிய கட்டத்துக்கு நூறு கிராம். நாற்பத்தொன்பதில் முதல் புள்ளி வைத்தார். பென்சிலை அழுத்தியதில் புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

அந்த வாரம் அவள் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டாள். கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி விழுங்குவாள். வேண்டாம் விடு என்றால் முறைப்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முள் நாற்பத்தொன்பதைத் தாண்டி ஒரு மயிரிழை நின்றது. நூறு கிராம். குடித்த தண்ணீராகக்கூட இருக்கலாம், அவருக்கு அது தெரியும். புள்ளி வைத்துக் கோடு போட்டபோது, அந்தப் பெரிய கட்டங்களில் கோடு ஜம்மென்று மேலே ஏறியது.

"எத்தனை சதவீதம்?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள்.

"பாயின்ட் ரெண்டு."

"ஏத்தமா?"

"ஏத்தம்தாம்மா."

"எழுதுங்க. சிவப்பு மையில எழுதுங்க" என்றாள். அவர் எழுதியதும் சிரித்தாள். ஒவ்வொரு மாதமும் அவர் சிரித்த அதே சிரிப்பு. இப்போது அதை அவள் சிரிக்க, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவளால் மிஷினில் ஏற முடியவில்லை. அடுத்த வியாழக்கிழமை காலையில், அவர் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பியபோது, அவள் போயிருந்தாள்.

தூரத்தில் குடும்பத்தோடு இருந்த அவள் தங்கை மறுநாள்தான் வந்து சேர்ந்தாள். ஒரு வருஷமாக அக்காவைப் பார்க்கவில்லை, போனில் பேசும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். அழுது ஓய்ந்து, காரியமெல்லாம் முடிந்து, நான்கைந்து நாள் கழித்து வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அவள் அலமாரிக் கதவின் முன்னால் நின்றுவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். இரண்டே புள்ளிகள், நடுவில் மேலே ஏறும் ஒரு கோடு, மூலையில் சிவப்பு மையில் 'ஏற்றம்'.

"அத்தான்" என்று கூப்பிட்டாள். "இதுல அக்கா தேறிக்கிட்டுல்ல இருந்திருக்கா? அப்புறம் எப்படி அத்தான் திடீர்னு?"

சதவீதம் சார் தையல் மிஷினோரமாக உட்கார்ந்து அந்தப் பச்சைப் பூச்சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். பழைய தாளெல்லாம் டிராயரில் இருக்கிறது, ஐம்பத்தெட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் சட்டையின் உள்பக்கத்து நான்கு தையலையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, "ஆமாம்மா, தேறிக்கிட்டுதான் இருந்தா" என்றார்.